வாஷ்பேசினுக்கு மேலே என் முகம்

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. தங்கமாரியப்பன். சங்கரன்கோவில்காரர். என் மகளைக் கட்டிய செந்தூர்பாண்டியின் அப்பா. எனக்குச் சம்பந்தி. என் முகத்தைத் திருடியவர் அவர்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே திருடினார்.

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். இல்லை, வேண்டாம், நீங்கள் ஜன்னல் பக்கமே இருங்கள். எனக்கு இன்றைக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுகுமலையில் ஏறியதிலிருந்து சீட்டு மாறிக்கொண்டே இருக்கிறேன். முன்னால் உட்கார்ந்தால் பாட்டுச் சத்தம். பின்னால் போனால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நீங்கள் போனும் கையுமாக இருப்பதைப் பார்த்தேன். சரி, நம் ஆள் என்று வந்து உட்கார்ந்தேன்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? உங்கள் போனில் லொகேஷன் போட்டபடி இருக்கிறது. மேலே சின்னதாகத் தெரிகிறது பாருங்கள். அணைத்துவிடுங்கள். நீங்கள் கோவில்பட்டிக்குப் போவது கண்டக்டருக்குத் தெரிந்தால் போதும். வேறு யாருக்கும் எதற்குத் தெரியவேண்டும்?

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. கோவில்பட்டி மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓட்டியவன். ஆனால் போன் செட்டிங்ஸ் முழுவதும் எனக்கு மனப்பாடம். வேலையை விட்டு வந்த பிறகு மற்றவர்கள் கோயிலுக்குப் போனார்கள், சீட்டு விளையாடினார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு செயலியும் உங்களிடம் என்ன அனுமதி கேட்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு டார்ச் லைட் செயலி, என் காண்டாக்ட் எல்லாம் வேண்டும் என்று கேட்டது. வெளிச்சம் அடிக்கிறவனுக்கு என் மச்சினன் நம்பர் எதற்கு?

போன் நாம் பேசுவதைக் கேட்கிறது என்று சொல்வார்கள். நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் முழுவதும் போனை முன்னால் வைத்துக்கொண்டு ஒட்டகம், ஒட்டகம் என்றே பேசினேன். ஒட்டகம் என்ன விலை இருக்கும், ஒட்டகம் என்ன தின்னும் என்று. என் வீட்டுக்காரி அன்னமயில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்குறதுன்னா வாங்குங்க, எங்கன கட்டுவீக அதைச் சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு ஒரு விளம்பரமும் வரவில்லை. சரி, மற்றவர்களுக்கு எப்படி என்று பார்ப்போம் என்று, ஒட்டகத்தைப் பற்றிப் பேசினால் போனுக்குக் கேட்குமா என்று தட்டித் தேடினேன். மறுநாளே பாலைவனச் சுற்றுலா விளம்பரம் வந்து நிற்கிறது. ஒட்டகத்தோடு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்றிலிருந்து நான் உஷார். இதோ பாருங்கள், முன்பக்கக் கேமராவில் ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறேன். அன்னமயிலுடைய ஸ்டிக்கர் பொட்டுதான். மகள் வீடியோ காலில் வந்தால் எனக்கு அவளைத் தெரியும், அவளுக்கு என்னைத் தெரியாது. குரல் மட்டும் போகும். பாஸ்வேர்டையும் யாருக்கும் சொல்லவில்லை. மகள் பிறந்த வருஷம்தான், ஆனால் அது என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

கொஞ்சம் அப்படியே இருங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். பின்னால் மலை நன்றாக விழுகிறது. ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? ஸ்டேட்டஸ்தான் வைக்கப்போகிறேன், பயணத்தில் ஒரு நண்பர் என்று. ம், முக்கால் முகம் வந்திருக்கிறது. போதும்.

சம்பந்தி கதைக்கு வருகிறேன்.

சங்கரன்கோவிலில் அவர் வீடு கட்டிப் பால்காய்ச்சினார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். போயிருந்தோம். என் பேத்தி யாழ்மதி அப்போது கைக்குழந்தை. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். பால் பொங்குவதை எடுக்கலாம். என்னை எதற்கு எடுக்கவேண்டும்? நான் எழுந்து நின்று விளக்கிச் சொன்னேன். இந்த முகம் எங்கே போகிறது தெரியுமா, யார் கையில் சேருகிறது தெரியுமா, கேட்காமல் யாரும் என்னை எடுக்காதீர்கள் என்று. நல்லதுக்குத்தான் சொன்னேன். கையை முன்னால் நீட்டி, "வேண்டாம், எடுக்காதே" என்றேன்.

அந்த நேரத்தில்தான் எடுத்திருக்கிறார். உள்ளங்கை முன்னால், வாய் திறந்து, கண் இரண்டும் வெளியே வந்து விழுகிற மாதிரி. பின்னால் இருந்த சுவர், மாலை எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, என்னை மட்டும் வைத்து, கீழே "வேணாம்" என்று மஞ்சள் எழுத்தில் போட்டு, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டார். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர், தம்பி. டிக்கெட் கிழித்தவருக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பீர்கள். நான்தான். ஸ்டிக்கர் செய்கிற செயலியை அவர் போனில் ஏற்றிக்கொடுத்ததே நான். பால்காய்ப்புக்கு முதல்நாள் சாயங்காலம்தான்.

எனக்கு ஸ்டிக்கர் பிடிக்கும், மறைக்கவில்லை. காமெடி நடிகர்கள் முகம் ஒரு குவியலே வைத்திருக்கிறேன். முழிக்கிறது, அழுகிறது, அடி வாங்குகிறது, எல்லாம் உண்டு. மில் நண்பர்கள் குழுவில் காலை வணக்கத்திலிருந்து கரண்டு போனது வரைக்கும் நான் எழுத்தில் பதில் போட்டதே கிடையாது. அது வேறு. அவர்கள் நடிகர்கள். முகம் அவர்களுக்குத் தொழில். நான் நூல் ஓட்டியவன். என் முகத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

முதலில் சொந்தக்காரர் குழுவில் போட்டார். யாரோ இன்னும் ஒரு கரண்டி பாயசம் என்று எழுதினார்கள், அதற்குப் பதில் என் முகம். சிரித்தார்கள். சரி, குடும்பம் என்று பொறுத்தேன். பத்து நாளில் என் மில் நண்பர்கள் குழுவுக்கே வந்துவிட்டது. ஒருத்தன் ரத்த தானம் செய்ய வாருங்கள் என்று கூப்பிடுகிறான், இன்னொருத்தன் என் முகத்தைப் போடுகிறான். முடி வெட்டப் போனால், நாற்காலியில் இருக்கிற பையன் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்க்கிறான், போனைப் பார்க்கிறான், மறுபடி என்னைப் பார்க்கிறான்.

அதையும் பொறுத்தேன். பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போனேன், கோவில்பட்டியிலேயே ஒரு மண்டபம். சாப்பிட்டுக் கைகழுவப் போகிறேன். வாஷ்பேசினுக்கு மேலே பெரிதாக பிரிண்ட் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். என் முகம். கை நீட்டியபடி. கீழே, "இங்கே துப்பாதீர்." அதன்மேலும் துப்பியிருக்கிறார்கள், தம்பி. தாடையிலிருந்து வெற்றிலைச் சாறு வழிகிறது. நானே தண்ணீர் விட்டு என் முகத்தைத் துடைத்தேன்.

மண்டப மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது நெட்ல வந்த படம் சார்" என்றார். "இப்படி ஒரு ஆளு நெசமாவே இருக்காருன்னு எங்களுக்கு என்ன தெரியும்?" அப்புறம் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "சார் எந்தப் படத்துல நடிச்சிருக்கீங்க?"

அன்றைக்கே சொந்தக்காரர் குழுவிலிருந்து வெளியே வந்தேன். தங்கமாரியப்பன் என்னைத் தேடி வந்து, தப்புத்தான் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதுவரை அவர் வாசல் மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மகளும் மருமகனும் ஓசூரில் இருக்கிறார்கள். பொங்கலுக்குச் சங்கரன்கோவிலுக்கு வந்தார்கள். அன்னமயில் மட்டும் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த முறை அவர்கள் கோவில்பட்டிக்கே வந்தார்கள். சம்பந்தியும் கூட வருகிறார் என்று கேள்விப்பட்டு நான் எட்டயபுரம் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்து பொழுது சாய்ந்து வந்தேன். பிள்ளை தூங்கிய பாய் மட்டும் விரித்தபடி கிடந்தது.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பிறகுதான் காதுகுத்து வந்தது. கழுகுமலைக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். உங்கள் பக்கம் எப்படியோ, எங்களில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். என் மகள் சண்முகக்கனிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஒற்றைப் பிள்ளை. அப்படி இருந்தால் தாயைப் பெற்ற தகப்பன் மடி. அதாவது என் மடி. இது இல்லாமல் ஒன்றும் நடக்காது. இப்போது புரிகிறதா, தம்பி? முகம் அவர் கையில் இருந்தது. மடி என் கையில்தான் இருந்தது.

சம்பந்தி முறையாக வந்தார். இல்லை என்று சொல்லக்கூடாது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், சட்டைத்துணி எல்லாம் வைத்துக் கூப்பிட்டார். வெயிலைப் பற்றிப் பேசினார், மூட்டுவலியைப் பற்றிப் பேசினார், கழுகுமலையில் மண்டபம் கிடைத்த கதையைச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத் தவிர எல்லாம் சொன்னார். தட்டை வாங்கிக்கொண்டேன். தட்டு பிள்ளைக்கு. ஆனால் மகளிடம் போனில் சொல்லிவிட்டேன், உன் மாமனார் வாயிலிருந்து வார்த்தை வந்தால்தான் பிள்ளை என் மடிக்கு வரும் என்று. "வந்து சேருங்கப்பா முதல்ல" என்றாள்.

இன்று காலையில் போய்ச் சேர்ந்தோம். மண்டபத்தில் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசி உள்ளே கொண்டுபோனார்கள். ஆசாரி பலகைக்கு முன்னால் ஊசியும் தோடும் எடுத்துவைத்துவிட்டு, "மடியில வைக்கிறவுக வாங்க" என்று கூப்பிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை.

மருமகன் வந்தார். "மாமா, நல்ல நேரம் போகுது."

"போகட்டும் மாப்பிள்ளை. உங்க அப்பாவை வரச் சொல்லுங்க."

வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் கூட்டத்துக்குள் புகுந்து வருகிற மாதிரியே வந்தார். "என்ன சம்பந்தி, காபி வரலையா?"

"காபி வந்தது. ஒரு வார்த்தை வரலை."

"எந்த வார்த்தை?"

"உமக்குத் தெரியும்."

"ஏய்யா, மூஞ்சி லட்சணமா இருக்குன்னுதானே போட்டேன். கண்டவன் மூஞ்சியை எவனாவது ஸ்டிக்கர் போடுவானா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

"என்னைக் கேட்டீரா?" என்றேன். "எடுக்கும்போது கேட்டீரா? எடுக்காதேன்னு சொல்லச் சொல்ல எடுத்தீரே."

அவர் முகம் மாறிவிட்டது. "நீரு என்னைக் கேட்டீரா? பால்காய்ப்புக்கு முந்தின ராத்திரி, பல்செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு அசந்து தூங்குறேன். வாயையும் டம்ளரையும் சேத்து வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வச்சது யாரு? டிப்போவுல என் கூட வேலை பாத்தவன் பூராம் பாத்துட்டான். இன்னைக்கும் என்னைக் கண்டா உதட்டை உள்ள இழுத்துக் காட்டுறான்."

அது வேறு விஷயம், தம்பி. அது பாசத்தில் வைத்தது. பின்னணியில் தாலாட்டுக்கூடப் போட்டிருந்தேன். மேலும் ஸ்டேட்டஸ் என்பது ஒரு நாளில் தானாகப் போய்விடும். ஸ்டிக்கர் போகாது. தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அன்னமயில் குறுக்கே வந்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் காதைக் குத்திக்கோங்க. ஆசாரி வந்ததுக்கு வேலை ஆச்சு. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்."

அப்போதுதான் சண்முகக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். மொட்டைத்தலை, பட்டுப்பாவாடை. யாரைப் பார்த்தாலும் அழுதுகொண்டிருந்த பிள்ளை, என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டது. என்னையே பார்த்தது. பிறகு மெதுவாகக் கையை முன்னால் நீட்டியது. உள்ளங்கை என் பக்கம். கண்ணை விரித்துக்கொண்டு, "வேணாம் தாத்தா" என்றது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாத்தா வேண்டாம் என்கிறதா?

"உங்களைக் கூப்பிடுறாப்பா" என்றாள் மகள். "அவளுக்கு உங்களை அப்படித்தான் தெரியும். நீங்க கேமராவுல பொட்டை ஒட்டி வச்சுருக்கீங்க. ஊர்ப்பக்கம் வந்தா எட்டயபுரம் போயிர்றீங்க. நான் எதை வச்சு இதுதான் தாத்தான்னு காட்டுறது? அந்த ஸ்டிக்கரைத்தான் காட்டினேன். அதுக்கு முத்தம் கொடுக்காம தூங்கமாட்டா."

பிள்ளை என் பக்கம் சாய்ந்தது. பிடிக்காவிட்டால் விழுந்துவிடும். பிடித்தேன். பிடித்த பிறகு பலகையில் போய் உட்காராமல் வேறு என்ன செய்வது? வார்த்தையை விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். தள்ளிவைத்தேன்.

ஒரு காது குத்தியாகிவிட்டது. மண்டபமே அதிர்கிற மாதிரி ஒரு கத்தல். இரண்டாவது காதுக்கு ஆசாரி கையைக் கொண்டுவந்தார். பிள்ளை திரும்பி, அவர் முகத்துக்கு நேராக உள்ளங்கையை நீட்டியது. "வேணாம்." தேம்பித் தேம்பிச் சொல்கிறது.

"நிறுத்துங்க" என்றேன்.

"பிள்ளைங்க அப்படித்தான் சொல்லும், நீங்க தலையைப் பிடிங்க" என்றார் ஆசாரி.

"வேணாம்னு சொன்னா வேணாம்தான். கேக்காம செய்யிறதே இந்தக் குடும்பத்துல பழக்கமாப் போச்சு."

எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒற்றைக் காதோடு பிள்ளையை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று ஒருத்தர். நேரம் முடிகிறது என்று ஒருத்தர். நான் அசையவில்லை. பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, காதில் ரத்தப் பொட்டோடு நடுங்குகிறது. அந்த நேரத்தில் யார் வந்து என்ன சொல்லியிருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கமாரியப்பன் வந்தார். பலகைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அவருக்கு மூட்டுவலி, சொன்னேன் இல்லையா? கையை ஊன்றித்தான் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார். வாய்க்குள் விரலை விட்டு, பல்செட்டை மேலும் கீழும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டது. உதட்டை உள்ளே இழுத்து, பூ பூ என்று ஊதிக் காட்டினார். டிப்போக்காரர்கள் கேலி செய்கிற அதே வாய்.

பிள்ளை தேம்பலை நிறுத்தியது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால், சுற்றிலும் போன்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"எடுக்காதே" என்று கத்தினேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையை நீட்டிவிட்டேன். "ஒருத்தரும் எடுக்கக்கூடாது. போனைக் கீழ போடுங்க. எடுத்ததை அழிங்க. என் கண் முன்னால அழிங்க."

அவருக்காகக் கத்தினேன் என்று எண்ணவேண்டாம், தம்பி. கொள்கை என்று ஒன்று இருக்கிறது.

என்னை அந்தக் கோலத்தில் பார்த்ததும் பிள்ளை சிரித்துவிட்டது. போனில் இருந்த தாத்தா நேரில் கத்துகிறார் அல்லவா. இந்தப் பக்கம் வாய் இல்லாத தாத்தா, அந்தப் பக்கம் கை நீட்டிய தாத்தா. மாறி மாறிப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஆசாரி இரண்டாவது காதை முடித்துவிட்டார். கெட்டிக்காரர். பிள்ளை அழ நினைத்தது, பிறகு மறந்துவிட்டது.

பந்தியில் சம்பந்தியும் நானும் பக்கத்துப் பக்கத்து இலை. அவர் பல்லை மாட்டிக்கொண்டு வந்தார். சாம்பார் கேட்டார், அப்பளம் கேட்டார். என் இலையில் வடை இல்லை என்று பரிமாறுகிறவரைத் திட்டினார். இப்போது சொல்வார், மோர் வருவதற்குள் சொல்லிவிடுவார் என்று நானும் மெதுவாகச் சாப்பிட்டேன். இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்னமயில் மகளோடு நாலு நாள் இருந்துவிட்டு வருகிறாளாம். நான் கிளம்பினேன். பஸ் ஏற்றிவிட அவரே வந்தார். நடக்க முடியாமல் நடந்து வந்து, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் நிறைய லட்டைத் திணித்தார். "போய்ச் சேந்ததும் ஒரு போன் போடும்" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "டவுன் ஸ்டாப்புல எறங்காதேயும், பஸ் ஸ்டாண்டுக்கே போயிரும், ஆட்டோக்காரன் அதிகமாக் கேப்பான்" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கிற முறை இதுவா? நீங்களே சொல்லுங்கள்.

கிளம்பும்போது மகள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "யப்பா, அந்த ஸ்டிக்கரை எங்க எல்லார் போன்லயும் அழிச்சுரச் சொல்லவா? உங்களுக்கு அதுதானே வருத்தம்."

வேண்டாம் என்றேன். பதறித்தான் சொன்னேன். யோசித்துப் பாருங்கள், தம்பி. அதை அழித்துவிட்டால் அவர் எதற்கு மன்னிப்புக் கேட்பார்? நாளைக்கு அப்படி ஒன்றும் இல்லவே இல்லை என்று சொல்லிவிடுவார். ஆதாரம் இருக்கவேண்டும். முக்கியமாகப் பிள்ளை கையில் இருக்கிற போனில் இருக்கவேண்டும். அதில் மட்டும் அழியாமல் பார்த்துக்கொள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் எப்போது கேட்கிறாரோ கேட்கட்டும். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், பிள்ளையோடு. அன்றைக்குக் கேட்காவிட்டால் பொங்கலுக்கு நான் அங்கே போய் அவர் எதிரிலேயே உட்காருவேன். பொங்கலுக்கும் கேட்காவிட்டால் அதற்கடுத்து பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது. விடமாட்டேன். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவேண்டியது, இன்னும் வரவில்லை.